கைக்கு ஓய்வு, கண்ணுக்கு?

புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு நீங்கள் எப்போதாவது போயிருக்கிறீர்களா? போனவர்கள் அங்கே ஒரு விநோதமான தள்ளு வண்டியைப் பார்த்திருப்பார்கள். பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்து வண்டி. 'பூஸ் பூஸ்' என்று அதற்குப் பெயர். பிரெஞ்சு மொழியில் 'தள்ளு, தள்ளு' என்று அர்த்தம்! துரை முன்னால் ஜம்மென்று உட்கார்ந்துகொள்வார். ஆள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓடுவான். ஆனால் வண்டியைத் திருப்பும் கைப்பிடி மட்டும் துரையின் கையில் இருக்கும். காலுக்கு வேலை ஒருவனுக்கு. கைக்கும் கண்ணுக்கும் வேலை இன்னொருவருக்கு.

"அந்தக் கதை இப்போது எதற்கு?" என்று கேட்கிறீர்கள் அல்லவா? காரணம் இருக்கிறது. அந்தப் பழைய ஏற்பாடுதான் இன்று லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் புதுக் கார்களில் வேறு ரூபத்தில் திரும்பி வந்திருக்கிறது. தள்ளுகிற ஆளுக்குப் பதிலாக யந்திரம் வந்துவிட்டது, அவ்வளவுதான். இந்தப் புது ஆள் காலுக்கு மட்டுமல்ல, கைக்கும் கொஞ்சம் ஒத்தாசை செய்கிறான்.

2021-ஆம் ஆண்டில் மஹிந்திரா எக்ஸ்.யு.வி. 700, எம்.ஜி. ஆஸ்டர் ஆகிய கார்களில் இந்த வசதி வந்தது. 2022-இல் ஹோண்டா சிட்டி ஹைப்ரிட், 2023-இல் ஹூண்டாய் வெர்னா, டாடா ஹாரியர் என்று வரிசை நீண்டது. 'அடாஸ்' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். காரின் முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா; அது சாலையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடுகளைப் பார்க்கிறது. பல கார்களில் முன்புறத்தில் ஒரு ராடாரும் உண்டு. விநாடிக்கு 7,700 கோடி தடவை அதிரும் ரேடியோ அலைகளை அனுப்பி, முன்னால் போகும் வண்டி எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் போகிறது என்று கண்டுபிடிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, யந்திரம் வேகத்தைக் கூட்டுகிறது, குறைக்கிறது, ஸ்டியரிங்கையும் மெள்ளத் திருப்புகிறது.

உங்கள் சித்தப்பா ஒருவர் அப்படிப்பட்ட கார் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்தியால்பேட்டையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குப் பிரயாணம். நீங்கள் முன் ஸீட்டில். சித்தி பின் ஸீட்டில், மடியில் பலகாரப் பையுடன்.

கோட்டக்குப்பம் தாண்டுகிற வரையில் சித்தப்பா அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை. கடைத்தெருவும், ஆட்டோக்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுமாக இருக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை என்பது அவருக்குத் தெரியும். காலாப்பட்டுப் பல்கலைக் கழகமும் கனகசெட்டிக்குளமும் பின்னால் போன பிறகு பொத்தானை அமுக்குகிறார். மணிக்கு 80 கிலோமீட்டர் என்று வேகத்தைக் குறித்துவிட்டுக் காலை எடுத்துக்கொள்கிறார். வண்டி தானாக ஓடுகிறது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பார்த்தாயா, இப்போது கையைக்கூட எடுத்துவிடலாம்!" என்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுகிறார்.

"ஏங்க! கையை வையுங்க! முன்னாலே பாருங்க!" என்று பின்னாலிருந்து சித்தியின் குரல் வருகிறது.

சில விநாடிகள் கழித்து வண்டியும் அதையேதான் சொல்கிறது. மணி அடிக்கிறது; 'ஸ்டியரிங்கைப் பிடி' என்று விளக்கு எரிகிறது. பிடிக்காவிட்டால் 'உன்னோடு இனி ஒத்துழையாமை' என்று ஒத்தாசையை நிறுத்திக்கொள்கிற வண்டிகளும் உண்டு. நம் நாட்டில் மேலே சொன்ன கார்களெல்லாம் கையை வைத்துக்கொண்டு ஓட்டவேண்டிய ரகந்தான். இதைத் தெரிந்துகொண்டும், ஸ்டியரிங்கில் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, கை இருப்பதாக யந்திரத்தை ஏமாற்றும் புத்திசாலிகள் இருக்கிறார்கள். யந்திரத்தை ஏமாற்றுவது சுலபம். எதிரே வரும் லாரியை ஏமாற்ற முடியுமா?

இந்த வசதியில் பயன் இல்லை என்று சொல்ல வரவில்லை. நிறைய இருக்கிறது. மூன்று மணி நேரப் பிரயாணத்தில் முழங்கால் வலி பாதியாகக் குறைகிறது. முன்னே போகும் வண்டியோடு ஒட்டி உரசாமல் யந்திரம் இடைவெளி விடுகிறது. சென்னை நெருங்கும்போது ஊர்ந்து ஊர்ந்து போகிற நெரிசலில் அதன் பொறுமை மனிதனுக்கு வராது. முன்னால் போகிறவர் திடீரென்று நின்றால், நாம் திடுக்கிடுவதற்குள் சில சமயம் அதுவே பிரேக் போட்டுவிடும்.

ஆனால் நம் சாலைக்கென்று சில குணங்கள் உண்டு. யந்திரம் விட்டிருக்கும் இடைவெளியைப் பார்த்ததும் ஒரு மோட்டார் சைக்கிள் உள்ளே நுழையும். வண்டி மரியாதையாகப் பின்வாங்கும். உடனே இன்னொன்று நுழையும். பின்னால் வருகிறவர் ஹாரனை அழுத்துவார். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல்லோ உளுந்தோ காயும். அதன் அடியில் வெள்ளைக் கோடு ஒளிந்திருக்கும். சாலையை அகலப்படுத்தும் இடங்களில் பழைய கோடு ஒரு பக்கம் இழுக்கும், புதுக் கோடு மறுபக்கம் இழுக்கும். ஓரமாக நிற்கும் மாட்டுக்காகச் சைகை விளக்கைப் போடாமல் நீங்கள் ஒதுங்கினால், 'கோட்டைத் தாண்டாதே' என்று ஸ்டியரிங் உங்கள் கையை எதிர்த்துத் திருப்பப் பார்க்கும். போலீசார் குறுக்கும் நெடுக்குமாக வைத்திருக்கும் இரும்புத் தடுப்பு, வர்ணம் பூசாத வேகத்தடை, தவறான பக்கத்தில் எதிரே வரும் ஸ்கூட்டர் இவற்றையெல்லாம் யந்திரத்தின் பொறுப்பில் விட்டுவிடக்கூடாது. அசையாமல் நிற்கும் பொருள்களை இந்தக் கருவிகள் கவனிக்காமல் போகலாம் என்று காரோடு வரும் கையேடுகளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் படிக்கிறவர்கள் எத்தனை பேர்?

இந்தக் கருவிக்குப் பாட்டனார் யார் தெரியுமா? கண் பார்வை இல்லாத ஒருவர்! அமெரிக்காவில் ரால்ஃப் டீட்டர் என்ற என்ஜினீயர் ஐந்து வயதில் விபத்தில் பார்வையை இழந்தவர். அவருடைய வக்கீல் நண்பர் கார் ஓட்டும்போது, தாம் பேசினால் வேகத்தைக் குறைப்பாராம். மற்றவர் பேச்சைக் கேட்கும்போது கூட்டுவாராம். அந்தக் குலுக்கலைப் பொறுக்க முடியாமல்தான் வேகத்தை ஒரே சீராக வைக்கும் கருவியைப் பற்றி டீட்டர் யோசித்தார் என்று சொல்கிறார்கள். 1950-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1958-ஆம் வருஷத்துக் கிரைஸ்லர் கார்களில் அது விற்பனைக்கு வந்தது. அன்று யந்திரம் கால் வேலையை மட்டுமே எடுத்துக்கொண்டது. கை வேலையையும் எடுத்துக்கொள்ள இன்னும் அறுபது வருஷம் ஆயிற்று. 2017-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன் காடிலாக் காரில் 'சூப்பர் குரூஸ்' என்ற கருவியைப் பொருத்தியது. அதில் நிஜமாகவே கையை எடுத்துவிடலாம். ஆனால் இரண்டு நிபந்தனைகள். முன்கூட்டியே அளந்து படம் எடுத்து வைத்திருக்கும் பெருஞ்சாலையில்தான் அது வேலை செய்யும். இரண்டாவது நிபந்தனைதான் முக்கியம்: ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்கிறாரா என்று அவருடைய முகத்தையே ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்! கைக்கு விடுதலை கொடுத்தவர்கள் கண்ணுக்குக் காவல் போட்டுவிட்டார்கள்.

ஏன் அப்படி? சும்மா பார்த்துக்கொண்டிருப்பது, வேலை செய்வதைவிடக் கஷ்டமானது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் விமானப் படையில் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், நேரம் ஆக ஆகப் புள்ளிகளைத் தவறவிட்டார்கள். காரணம் என்னவென்று நார்மன் மாக்வொர்த் என்ற அறிஞர் ஆராய்ந்தார். ஒரு கடிகார முள் தாவித் தாவி நகரும். எப்போதாவது ஒரு முறை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டதும் பொத்தானை அமுக்கவேண்டும். இவ்வளவுதான் வேலை. முதல் அரை மணியிலேயே தவறுகள் அதிகமாகிவிட்டன! 1948-இல் இந்த முடிவு வெளிவந்தது. புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு மூன்று மணி நேரம் என்பதை நினைத்துப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் போய்விடுகிறது. செல்போனில் ஒரு செய்தியைப் படிக்க மூன்று விநாடி ஆனால், 66 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகக் கணக்கு.

2016 மே மாதம் அமெரிக்காவின் பிளாரிடாவில் ஒரு டெஸ்லா கார், குறுக்கே திரும்பிய லாரியின் வெள்ளை நிறப் பக்கவாட்டில் மோதிற்று. யந்திரமும் பிரேக் போடவில்லை, ஓட்டியவரும் போடவில்லை. அவர் இறந்துபோனார். 2018 மார்ச்சில் அரிசோனாவில் ஊபர் கம்பெனி சோதனை செய்துகொண்டிருந்த தானியங்கிக் கார், இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியை மோதிக் கொன்றது. அந்த யந்திரம் அவளை ஒரு கணம் வண்டி என்றது. ஒரு கணம் ஏதோ ஒரு பொருள் என்றது. ஒரு கணம் சைக்கிள் என்றது. கண்காணிக்கவேண்டியவர் அப்போது செல்போனில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் அந்தப் பெண்மணியை நமக்குத் தெரியாதா? நம் ஊர்ச் சாலையில் அவள் ஒருத்தி அல்ல, ஆயிரம் பேர். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது சர்க்கார் கணக்கு. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள்; 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு பெல்ட் இருக்கிறது, காற்றுப் பை இருக்கிறது. வெளியே இருப்பவருக்கு ஓட்டுகிறவரின் கவனத்தைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை.

சட்டமும் இந்த விஷயத்தில் யந்திரத்துக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிடவில்லை. கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அபாயகரமாக ஓட்டும் குற்றத்தில் சேரும். முதல் தடவைக்கே ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். "வண்டிதான் ஓட்டியது, நான் அல்ல" என்ற வாதம் அங்கே செல்லாது.

ஆகையால் உங்கள் சித்தப்பாவிடம் நாலு வார்த்தை சொல்லி வையுங்கள். ஊருக்குள்ளும், மழையிலும், கோடு அழிந்த இடத்திலும் பொத்தானைத் தொடவேண்டாம். கையை லேசாகவாவது ஸ்டியரிங்கில் வைத்திருக்கட்டும். மணி அடித்தால் கோபித்துக்கொள்ளாமல் கேட்கட்டும். மிச்சமான முழங்கால் பலத்தைக் கண்ணுக்குச் செலவழிக்கட்டும்.

மரக்காணத்து உப்பளங்களின் பக்கம் போகும்போது, தலையில் சுமையுடன் சாலை ஓரத்தில் ஒரு அம்மாள் நிற்பாள். கடக்கலாமா, வேண்டாமா என்று தயங்குவாள். உங்கள் காரில் ராடார் இருக்கிறதா, கேமரா இருக்கிறதா என்றெல்லாம் அவள் பார்ப்பதில்லை. ஓட்டுகிறவருடைய முகத்தைப் பார்ப்பாள். அந்த முகம் அவளைப் பார்த்துத் தலையசைத்தால், கையை ஒரு தரம் காட்டினால், தைரியமாகக் காலை எடுத்து வைப்பாள். நம் நாட்டுச் சாலைகளில் பாதிப் போக்குவரத்து இந்தக் கண் ஜாடையில்தான் நடக்கிறது. அவளுக்குப் பதில் சொல்ல எந்த யந்திரத்துக்கும் இன்னும் தெரியவில்லை. அந்தப் பதிலை நீங்கள்தான் சொல்லவேண்டும்.