தோட்டக் கள ஆய்வில் புறவன்தட்டு: வடிவமைப்புச் சிக்கல்களும் தீர்வுகளும்

முன்னுரை

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் ஆகிய வட்டாரங்களில் இருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல, செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் சிரம்பான், நீலாய், போர்ட்டிக்சன் முதலிய நகரங்களை நாடிச் சென்றுவிட்டன. தாலாட்டும் ஒப்பாரியும் தோட்ட வாழ்க்கை குறித்த வாய்மொழிச் செய்திகளும் இன்று மூத்தோர் சிலரின் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. அவற்றை ஒலிப்பதிவு செய்யும் பணியில் ஆசிரியர்களும் மாணவர்களும் ஈடுபடும்போது, பதிவுகள் இறுதியில் சென்று சேரும் இடம் பெரும்பாலும் ஒரு புறவன்தட்டே ஆகும். புதிய புறவன்தட்டை வடிவமைக்கும்போது எழும் சிக்கல்களையும், அவற்றை எந்த வரிசையில் அணுகுவது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

நமக்கு நேர்ந்த ஓர் இழப்பை முதற்கண் கூறிவிடுதல் தகும். சில ஆண்டுகளுக்கு முன்னர், சிலியாவுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் மூன்று வார இறுதிகள் தங்கிப் பதிவு செய்தோம். நம்மிடம் ஒரே நிறத்தில், ஒரே அளவில் இரண்டு புறவன்தட்டுகள் இருந்தன. ஒன்று புதியது; மற்றொன்று பாடல்கள் நிறைந்தது. நிறைந்திருந்த தட்டு மெக்கிண்டாஷ் கணினியில் வடிவமைக்கப்பட்டிருந்தது. அதனை வேறொரு விண்டோஸ் கணினியில் இணைத்தபோது, வட்டைப் பயன்படுத்துவதற்கு முன் வடிவமைக்க வேண்டும் என்ற செய்தி திரையில் தோன்றியது. அது புதிய தட்டுதான் என்று கருதிய மாணவர் ஒருவர் இசைவு தெரிவித்தார். அரை நிமிடத்தில் தட்டு வெறுமையாயிற்று.

மீட்பு மென்பொருளின் துணையால் குரல்களுள் பெரும்பாலானவை கிடைத்தன. கோப்புப் பெயர்கள் கிடைக்கவில்லை. எந்தப் பாடல் எவருடையது என்பது மறைந்துபோயிற்று. இதற்கிடையில் பாடியோருள் ஒருவரான முதிய அம்மையார் காலமாகியிருந்தார். அவருடைய மகள் வந்து கேட்டுச் சொன்ன பின்னரே அவருடைய குரலை அடையாளங்காண முடிந்தது. இரண்டு தாலாட்டுகளைப் பாடியவர் எவர் என்பது இன்றளவும் தெளியவில்லை.

மாணவரைக் குறைகூற இதனை எழுதவில்லை. அச்செய்தியின் பொருள் யாது என்பதை நாம் அவருக்குக் கற்பித்திருக்கவில்லை என்பதே உண்மை.

வடிவமைப்பு என்பது யாது?

பனையோலை மரத்திலிருந்து வெட்டப்பட்டவுடன் எழுதுவதற்கு உகந்ததாவதில்லை. அதனைப் பதப்படுத்தி, ஓர் அளவாக நறுக்கி, துளையிட்ட பின்னரே எழுத்தாணி பிடிப்பர். இதனைப் பாடம் செய்தல் என்பர். ஃபார்மட் எனப்படும் வடிவமைப்பும் இத்தகையதே. எந்தக் கோப்பு எவ்விடத்தில் தொடங்குகிறது, எந்த இடம் வெற்றிடம் என்பவற்றைக் குறிக்கும் ஓர் அட்டவணையை வன்தட்டில் நிறுவுவதே அதன் பணி. அவ்வட்டவணை அமையும் முறையைக் கோப்பு முறைமை என்கிறோம்.

ஒரு கணினி தான் அறியாத கோப்பு முறைமையைக் கண்டாலும், அட்டவணை சிதைந்திருந்தாலும், தட்டு உண்மையிலேயே புதியதாக இருந்தாலும் ஏறத்தாழ ஒரே செய்தியையே காட்டும். ‘இதனை என்னால் படிக்க இயலவில்லை’ என்பதே அதன் மெய்ப்பொருள். ‘இதில் ஒன்றும் இல்லை’ என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது. ஆகவே, தட்டில் இருப்பது யாது என்று உறுதியாகத் தெரியும்வரை, அச்செய்திக்கு மறுப்புத் தெரிவிப்பதே முறை.

வடிவமைப்பு இருவகைப்படும். விரைவு வடிவமைப்பு அட்டவணையை மட்டும் புதுப்பிக்கிறது. பழைய தரவுகள் மேலெழுதப்படும்வரை தட்டிலேயே கிடக்கும். நம் பதிவுகளுள் பலவற்றை மீட்க முடிந்தது இதனால்தான். முழு வடிவமைப்பு விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு தட்டு முழுவதும் சுழியங்களை எழுதிவிடுகிறது. அதன்பின் மீட்சி இல்லை. இன்று பரவலாக விற்கப்படும் திடநிலைத் தட்டுகளில், நீக்கப்பட்ட இடங்களைத் தட்டே துடைத்துவிடும் வசதி உள்ளமையால், விரைவு வடிவமைப்பிற்குப் பின்னும் மீட்பது அரிதாகலாம்.

தட்டு திரையில் தோன்றாமை

புதிய தட்டை இணைத்தும் அதன் சின்னம் தோன்றவில்லையெனில், முதலில் ஐயுற வேண்டியது மின்னாற்றலையும் கம்பியையும்தான். யு.எஸ்.பி. 2.0 வாயில் தரக்கூடிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர், யு.எஸ்.பி. 3.0 வாயில் 900 மில்லி ஆம்பியர் வரை தரும். பல கருவிகளைச் சேர்த்து இணைக்கும் கிளைப்பெட்டியின் வழியே இணைத்தால் இவ்வளவும் கிட்டாமல் போகலாம். எனவே தட்டைக் கணினியிலேயே நேரடியாக இணைத்துப் பார்க்க வேண்டும். கம்பியையும் வாயிலையும் மாற்றிப் பார்க்க வேண்டும். மேசையில் வைத்துப் பயன்படுத்தும் 3.5 அங்குலத் தட்டுகளுக்குத் தனி மின்னிணைப்பு இன்றியமையாதது. தட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்னும் ஒலி தொடர்ந்து எழுமாயின் அதனை மேலும் சோதிக்காமல் விற்றவரிடமே திருப்பித் தருதல் நன்று.

மின்னிணைப்பில் குறையில்லையெனில், விண்டோஸ் கணினியின் வட்டு மேலாண்மைப் பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே தட்டு ‘ஒதுக்கப்படாத இடம்’ என்று காணப்பட்டால், அதில் கணினி அறிந்த பகுப்பு எதுவும் இல்லை என்பது பொருள். தட்டு புதியதுதான் என்று தெளிந்தபின், அதனைத் தொடக்கநிலைப்படுத்தி, ஒரு பகுப்பை உருவாக்கி, வடிவமைக்கலாம். பகுப்பு சரியாக இருந்தும் சின்னம் தோன்றாவிடில், அதற்குரிய எழுத்தடையாளம் வழங்கப்படாமலோ வேறொரு கருவியின் எழுத்தோடு மோதியோ இருக்கலாம். எழுத்தை மாற்றினாலே போதும், வடிவமைப்புத் தேவையில்லை.

கொள்ளளவு குறைந்து தோன்றுதல்

ஒரு டெராபைட் தட்டு 931 கிகாபைட் என்று காட்டப்படுவது குறையன்று. உற்பத்தியாளர் ஆயிரத்தின் மடங்காகக் கணக்கிடுகின்றனர். விண்டோஸ் 1,024இன் மடங்காகக் கணக்கிடுகின்றது.

நான்கு டெராபைட் தட்டில் ஏறத்தாழ இரண்டு மட்டுமே பயன்படுமாயின் அதன் காரணம் வேறு. தோட்டத்து மரங்களை நிரை நிரையாகப் பிரித்து எண்ணிடுவது போல, தட்டின் இடமும் சிறு அலகுகளாக எண்ணிடப்படுகின்றது. எம்.பி.ஆர். எனப்படும் பழைய பகுப்பு முறை 32 இருமங்களில் எண்ணுவதால், 512 பைட்டு அலகுகளில் ஏறத்தாழ 2.2 லட்சம் கோடி பைட்டுகளுக்கு மேல் அதனால் எட்ட இயலாது. தொடக்கநிலைப்படுத்தும்போது ஜி.பி.டி. முறையைத் தேர்ந்தால் இவ்வரம்பு நீங்கும். எம்.பி.ஆரிலிருந்து ஜி.பி.டி.க்கு வட்டு மேலாண்மையின் வழியே மாற, பகுப்புகளை அழித்தாக வேண்டும் என்பதால், பதிவுகள் ஏறுவதற்கு முன்பே இதனை முடிவுசெய்தல் வேண்டும்.

வியக்கத்தக்க அளவு மலிவாக விற்கப்படும் தட்டுகளில் பொய்யான கொள்ளளவு பொறிக்கப்பட்டிருப்பதும் உண்டு. அத்தகைய தட்டு வடிவமைப்பை ஏற்கும். கோப்புகளையும் ஏற்பது போலத் தோன்றும். பின்னர்த் திறந்தால் கோப்பு சிதைந்திருக்கும். தட்டு முழுவதையும் எழுதி மீண்டும் படித்துச் சரிபார்க்கும் மென்பொருளைக் கொண்டு சோதித்தபின் களத்திற்கு எடுத்துச் செல்லுதல் அறிவுடைமை.

எந்தக் கோப்பு முறைமை?

1996இல் விண்டோஸ் 95இன் ஒரு பதிப்போடு வந்த ஃபேட்32 எல்லாக் கணினிகளிலும் இயங்கும். எனினும் அதில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டை எட்டலாகாது. இவ்வரம்பு கள ஆய்வாளரை நேரடியாகத் தாக்குவது. நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 இருமம், இரு தடம் என்ற தரத்தில் ஒலிப்பதிவு செய்தால் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ ஒரு கிகாபைட் ஆகும். நான்கு மணி நேரத்தைத் தாண்டும் திருவிழாப் பதிவு ஒன்றை ஒரே கோப்பாக அதில் சேமிக்க இயலாது. நொடிக்கு 25 மெகாபிட் அளவிலான காணொளி 23 நிமிடத்திலேயே வரம்பை எட்டிவிடும். தட்டில் இடம் ஏராளமாக இருந்தும் ‘கோப்பு மிகப் பெரிது’ என்ற செய்தி வருமாயின் காரணம் இதுவே.

1993இல் விண்டோஸ் என்.டி.யோடு அறிமுகமான என்.டி.எஃப்.எஸ். இவ்வரம்பற்றது. ஆயினும் மெக்கிண்டாஷ் கணினி அதனைப் படிக்குமேயன்றி, கூடுதல் மென்பொருளின்றி அதில் எழுதாது. ஏ.பி.எஃப்.எஸ். முறையில் அமைந்த தட்டையோ விண்டோஸ் கணினி தானாகப் படிக்காது. பல்வேறு கணினிகளிடையே பயணம் செய்யும் தட்டுக்கு, 2006இல் வெளிவந்த எக்ஸ்ஃபேட் ஏற்றது எனலாம். லினக்சும் 2019 முதல் அதனைத் தன்னுள் ஏற்றுள்ளது. எக்ஸ்ஃபேட்டில் மாற்றங்களைக் குறித்துவைத்து மீளும் ஏற்பாடு இல்லை. எழுதிக்கொண்டிருக்கையில் கம்பியைப் பிடுங்கினால் அட்டவணை சிதையக்கூடும். முறையாக வெளியேற்றிய பின்னரே தட்டைக் கழற்ற வேண்டும். ஓரிடத்திலேயே இருக்கும் காப்புப் பிரதிக்கு, அக்கணினிக்கே உரிய முறைமையைக் கொள்ளலாம்.

வடிவமைப்பு நிறைவுறாமை

வடிவமைப்பு இடையில் நின்றுபோனால், தட்டிலுள்ள கோப்பு ஏதேனும் திறந்திருக்கிறதா, நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் தட்டை ஆராய்ந்து கொண்டிருக்கிறதா, தட்டின் மேலுறையில் எழுத்துத் தடைப் பொத்தான் உள்ளதா என்று பார்க்க வேண்டும். முழு வடிவமைப்பு நெடுநேரம் கொள்வது இயல்பு. நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் ஒரு டெராபைட்டுக்கு ஏறத்தாழ 2 மணி 47 நிமிடம் ஆகும். 30 மெகாபைட் வேகத்தில் 9 மணி நேரத்தைத் தாண்டும். இதற்கிடையில் கணினி உறக்கநிலைக்குச் சென்றால் பணி முறியும். ஆதலின் உறக்கநிலையை நிறுத்திவைத்து, மின்னிணைப்போடு இரவில் செய்யலாம்.

இவை பயனளிக்காதபோது, விண்டோசின் டிஸ்க்பார்ட் கட்டளையால் பகுப்புகளைத் துடைத்துவிட்டுத் தொடங்கலாம் என்பர். அது சரியே, ஆயினும் அக்கட்டளை தட்டுகளை எண்களாலேயே அடையாளங்காணும். எண்ணைத் தவறாக இட்டால் வேறொரு தட்டு துடைக்கப்பட்டுவிடக்கூடும். வேறு புறவன்தட்டுகள் அனைத்தையும் கழற்றிவிட்டு, கொள்ளளவைப் பார்த்து உறுதிசெய்த பின்னரே கட்டளையிட வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள்

தட்டுக்குப் பெயரிடுகையில் தமிழருக்கே உரிய ஒரு சிக்கல் எழுகின்றது. எக்ஸ்ஃபேட் தட்டின் பெயர் 11 குறியீட்டு அலகுகளைத் தாண்டலாகாது. ‘சிரம்பான்’ என்பதில் நாம் எண்ணும் எழுத்து ஐந்து. யூனிகோட் எண்ணும் அலகு ஒன்பது. உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். ஆகவே சிரம்பான் இடம்பெறும்; ஏழெழுத்தும் பதின்மூன்று அலகும் கொண்ட ‘போர்ட்டிக்சன்’ இடம்பெறாது.

கோப்புப் பெயர்களிலும் இந்நிலை உண்டு. லினக்சின் எக்ஸ்ட்4 முறைமை பெயருக்கு 255 பைட்டு அளிக்கின்றது. தமிழ் அலகு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்வதால் 85 அலகோடு பெயர் நின்றுவிடும். ‘தோட்டம்’ என்னும் சொல்லின் ஓகாரக் குறியை ஒரே அலகாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு அலகுகளாகவும் எழுதலாம். மெக்கிண்டாஷின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் முறைமை பிரித்தே சேமித்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவ்விரண்டும் கணினிக்கு வெவ்வேறு சொற்களாதலின், அங்கிருந்து பெயர்த்த கோப்புகள் தேடலில் அகப்படாமல் போகக்கூடும். தட்டுக்கும் கோப்புக்கும் சுருக்கமான எண்குறியீடு இட்டு, முழுத் தமிழ் விவரத்தைத் தனி அட்டவணையில் எழுதிவைப்பது இதற்கு எளிய தீர்வாகும்.

முடிவுரை

மேற்கண்ட சிக்கல்களுள் பெரும்பாலானவை தோட்டத்திற்குப் புறப்படுவதற்கு முன்பே தீர்க்கத்தக்கவை. புதிய தட்டை வாங்கியவுடன் வடிவமைத்து, சோதித்து, மேலுறையில் எண்ணும் நாளும் எழுதி ஒட்டிவிட்டால், களத்தில் ‘வடிவமைக்கவா’ என்ற கேள்விக்கு ஒரே விடைதான் எஞ்சும்: வேண்டா. பதிவு முடிந்த அன்றே மூன்று பிரதிகளாக்கி, ஒன்றை வேறோர் ஊரில் வைத்தல் வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பது எதுவாயினும் அதன் நிலை அதுவே.

பழஞ்சுவடிகளின் இறுதியில் எழுதியவர் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறிக்கும் வழக்கம் இருந்தது. ஏடு எங்குச் சென்றாலும் அதன் வரலாறு அதனுடனேயே சென்றது. நம் குழு இன்று அவ்வழக்கத்தைப் பின்பற்றுகின்றது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும், அவர்தம் இசைவோடு, பாடுபவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் நாளையும் வாய்விட்டுச் சொல்லிய பின்னரே பாட்டைத் தொடங்குகின்றோம். அதற்குப் பத்து நொடிதான் ஆகும். கோப்புப் பெயர் அழிந்தாலும் குரல் தன் பெயரைத் தானே சொல்லும். அன்று அந்தப் பத்து நொடியைச் செலவிட்டிருந்தால், அவ்விரண்டு தாலாட்டுகளுக்கும் உரியவர் இன்று பெயரற்றவராகியிருக்கமாட்டார்.