முறுக்கினால் யோசிக்கிறதா உங்கள் வண்டி?

குதிரைக்குப் பேர்போன ஊர் செஞ்சி. 1714-ஆம் ஆண்டு ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி உயிரை விட்டானே தேசிங்கு ராஜா, அவன் கதையில் அவனுக்கு அடுத்த கதாநாயகன் அவனுடைய குதிரைதான். கடிவாளத்தைச் சுண்டினால் போதுமாம், பறக்குமாம்! இன்று அந்தப் பக்கத்து வாலிபர்களின் குதிரை மோட்டார் சைக்கிள். சுண்டியதும் அது பறக்கிறதா என்பதுதான் விஷயம்.

செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிற பக்கத்தில் மேல்சித்தாமூர் இருக்கிறது. தமிழ்ச் சமணர்களின் மடம் அமைந்த ஊர். பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி வைத்த மலைநாதர் கோயில் உள்ள ஊர். அந்த ஊர் வாலிபர் ஒருவர் பழைய புல்லட் ஒன்றை வாங்கினார். 350 சி.சி.; 1990-களில் திருவொற்றியூரில் செய்தது. முன்பு வைத்திருந்தவர் அதை 'ட்ரையல்ஸ்' வண்டியாக மாற்றியிருந்தார். சைலன்ஸரை மேலே தூக்கி, மட்கார்டைக் குறுக்கி, பட்டன் டயர் போட்டு, பார்க்க வெகு ஜோர்! ஆனால் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால், "போகலாமா, வேண்டாமா?" என்று வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகுதான் கிளம்பியது, கிளம்பும்போது ஒரே குதியாய்க் குதித்தது.

ட்ரையல்ஸ் என்பது வேகப் பந்தயம் அல்ல. பாறை, சேறு, ஓடை எல்லாவற்றையும் காலைக் கீழே ஊன்றாமல் ஊர்ந்து கடக்க வேண்டும். ஒரு தடவை ஊன்றினால் ஒரு மார்க், விழுந்தால் ஐந்து. குறைந்த மார்க் வாங்கியவருக்கே வெற்றி! நம் பிள்ளைகள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். புல்லட்டுக்கு இது பிறந்த வீட்டு விளையாட்டு. 1948-இல் இத்தாலியில் ஸான் ரெமோவில் நடந்த ஆறு நாள் போட்டியில்தான் அதன் புதுமாதிரிப் பின் ஸ்பிரிங் அமைப்பு உலகத்தின் கண்ணில் பட்டது. ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரையலில் ஜானி பிரிட்டன் என்பவர் 1952-லும் 1957-லும் புல்லட்டின் மேல் உட்கார்ந்தே ஜெயித்தார். 2019-இல் 'புல்லட் ட்ரையல்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு வண்டி இந்தியாவில் விற்பனைக்கு வந்து, சீக்கிரமே மறைந்தும் போயிற்று.

பாறைச் சரிவில் அந்த ஒரு கணத் தாமதம் லேசான சங்கதி அல்ல. முன்சக்கரம் கல்லில் முட்டும் நேரத்தில் இழுவை வராவிட்டால் வண்டி பின்னுக்குச் சாயும். பதறிப்போய் இன்னும் முறுக்கினால், தாமதித்து வருகிற சக்தி மொத்தமும் சேர்ந்து வந்து ஆளை மல்லாத்தும். தார் ரோட்டிலும் அப்படித்தான். மணிலா மூட்டை ஏற்றிய லாரியை முந்தப் போகும்போது வண்டி யோசிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? வாலிபரின் தாயார் தூங்காமல் கிடந்ததில் ஆச்சரியம் என்ன?

யோசனை சொல்ல ஆள் பஞ்சமா? கார்புரேட்டரையே புதுசாகப் போடு என்றார் ஒருவர். போர் அடித்துப் பிஸ்டனை மாற்று என்றார் இன்னொருவர். பெரிய மெயின் ஜெட் போட்டால் குதிரையாய்ப் பாயும் என்று மூன்றாமவர் சொல்ல, அதை மட்டும் வாலிபர் செய்தார். பெட்ரோல் கூடுதலாகச் செலவாயிற்று, யோசனை நிற்கவில்லை.

கடைசியில் செஞ்சியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனார்.

"அண்ணே, வண்டி ரொம்ப மந்தமா இருக்கு."

"மந்தமா, தாமதமா? அதச் சொல்லு தம்பி மொதல்ல."

இந்தக் கேள்விதான் பாதி வைத்தியம். புல்லட்டின் ஃப்ளைவீல் கனமானது. அதனால் எஞ்சின் மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும்; அதே கனம்தான் சரிவில் எஞ்சினை அணையவிடாமல் இழுத்துக்கொண்டு போகிறது. அது நோய் அல்ல, சுபாவம். ட்ரையல்ஸ் வண்டிகள் சிலவற்றில் கைப்பிடியையே அதிகம் முறுக்கினால் கொஞ்சம் திறக்கும்படி வேண்டுமென்றே அமைத்திருப்பார்கள். முறுக்கியதும் ஒன்றும் நடக்காமல், பிறகு ஒரேயடியாக நடப்பதுதான் நோய்.

மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கவில்லை, சாக்பீஸை எடுத்தார். கைப்பிடியில் மூடிய இடம், கால், அரை, முக்கால், முழுசு என்று கோடு போட்டார். எந்தக் கோட்டில் வண்டி யோசிக்கிறது என்று பார்த்து வரச் சொன்னார். காலுக்குள்ளேயே யோசித்தது. அப்படியானால் பெரிய மெயின் ஜெட் எப்படி உதவும்? அது முக்கால் திறந்த பிறகு வேலை செய்கிற சாமான். நடுவில் ஊசியின் ராஜ்யம். ஆரம்பத்தில் பைலட் ஜெட்டும், ஸ்லைடின் அடியில் உள்ள வெட்டும்தான் அதிகாரிகள்.

பிறகு கேபிள். உறைக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்ச்சி போதும். இதில் விரல் நுழைகிற அளவு! முறுக்கின் முதல் பங்கு வெறும் கம்பியை நிமிர்த்துவதிலேயே தீர்ந்துபோயிற்று. அதைச் சரிசெய்து, ஹேண்டிலை இரு பக்கமும் ஒடித்து, எஞ்சின் வேகம் மாறவில்லை என்று பார்த்துக்கொண்டார். ஏர் பில்டரைத் தட்டினார், செம்மண் கொட்டியது. எஞ்சின் ஓடும்போதே கார்புரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டார். சத்தம் மாறினால் அங்கே காற்றுத் திருட்டு என்று அர்த்தம், மாறவில்லை. பாயிண்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருந்தது. சக்கரத்தைக் கையால் சுற்றினார். பிரேக் பிடித்து நிற்கவில்லை.

குற்றவாளி கிண்ணத்துக்குள் இருந்தான். முந்தைய சொந்தக்காரர் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார். இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். நின்றுபோன கிண்ணத்தில் அழுக்கும் கோந்தும் படியும். பைலட் ஜெட்டின் ஊசித் துளை பாதி அடைந்துவிட்டது. வாலிபர் ஊக்கை எடுத்து நீட்டினார்.

"ஐயோ, குத்தாதே! ஓட்டை பெருசாயிட்டா ஜெட்டுக்கு மதிப்பே இல்ல."

ஜெட் பித்தளை, ஊக்கு எஃகு. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வட்டமாகத் தெரிகிறதா என்று பார்த்தார். மெயின் ஜெட்டைப் பழைய அளவுக்கே மாற்றினார். ஏர் ஸ்க்ரூவை மெள்ள உட்காரும்வரை முடுக்கி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, எஞ்சின் சூடான பிறகு எந்த இடத்தில் நிதானமாகவும் வேகமாகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்தினார். புதிய கார்புரேட்டர் வாங்க வைத்திருந்த பணம் சட்டைப்பையிலேயே இருந்தது.

வாலிபர் பழகுவது ஊர்ப்பக்கத்து வறண்ட ஏரியில். செஞ்சி மலைகளைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டன. அங்கே சக்கரம் வைக்கக் கூடாது. தேசிங்கு ராஜாவின் குதிரைக்கு மட்டுமே அந்த உரிமை.

ஏரியில் அவர் இரண்டாவது கியரில் ஊர்ந்தபடி சாக்பீஸ் கோடுகளைப் பார்த்துக்கொண்டே முறுக்குகிறார். முதல் கோட்டுக்கு முன்பே எஞ்சின் பதில் சொல்கிறது, மெதுவாக, ஆனால் உடனே. தாயார் மட்டும், "பெட்ரோல் டேப்பை மூடினியாடா?" என்று தினமும் கேட்கிறார். மெக்கானிக் சொல்லிக்கொடுத்த கேள்வி அது.