எடை தவறாத கணக்கு
இரசாயனச் சமன்பாட்டை எழுதும் முறை

செமோரை அடுத்த கந்தான் மலை சுண்ணாம்புக் கல்லால் ஆயது. சிமெந்துக்காக அதனை நெடுங்காலம் வெட்டி வந்துள்ளனர். மாசற்ற சுண்ணாம்புக் கல்லில் 100 கிலோவைச் சூளையிலிட்டு முற்றச் சுட்டால், எஞ்சும் சுட்ட சுண்ணாம்பு 56 கிலோதான். மீதி 44 கிலோ எங்கே போயிற்று? "எரிந்து போயிற்று" என்பான் மாணவன். கல் எரியவில்லை, பிரிந்தது. அந்த 44 கிலோவும் கரியமிலவாயுவாகிக் காற்றிற் கலந்தது. சுட்ட சுண்ணாம்பு 56 கிலோவோடு 18 கிலோ நீர் கூடினால், நாம் வெற்றிலையில் தடவும் நீற்றிய சுண்ணாம்பு 74 கிலோ கிடைக்கும். பொருள் உருமாறுகிறது, எடை எங்கும் தொலைவதில்லை.

இதனைத் தராசு கொண்டு நிலைநாட்டியவர் பிரெஞ்சு அறிஞர் லவாசியே. 1774-இல் அவர் வெள்ளீயத்தைக் கண்ணாடிக் கலத்திலிட்டு, வாயை மூடிச் சூடேற்றினார். ஈயத்தின் ஒரு பகுதி வெண்ணீறாயிற்று. ஆயினும் கலத்தின் எடை மாறவில்லை. மூடியைத் திறந்ததும் காற்று உட்புகுந்தது. அதன் பின்னரே எடை கூடிற்று. ஈயம் கலத்துக்குள் இருந்த காற்றின் ஒரு பகுதியை ஈர்த்துக்கொண்டது என்பது தெளிவாயிற்று. அப்பகுதியே பிராணவாயு.

கிந்தாப் பள்ளத்தாக்கில் தோண்டிய ஈயமணலும் அந்த வெண்ணீறும் அடிப்படையில் ஒரே சேர்மந்தான்: ஓர் ஈய அணு, இரண்டு பிராணவாயு அணுக்கள். அதனைப் பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் இருந்த உருக்காலைகளில் கரியோடு சேர்த்து உருக்கி ஈயத்தைப் பிரித்தனர். லவாசியே செய்ததற்கு நேர்மாறான வேலை இது.

இனி அதனைச் சமன்பாடாக எழுதுவோம். குறியீடுகளை உலகெங்கும் உரோம எழுத்தில் எழுதுவர். இங்கு அவற்றின் ஒலிப்பைத் தமிழில் தருகிறோம். ஈயம் எஸ்என், கரி சி, பிராணவாயு ஓ. உலையிலிருந்து வெளிவருவன ஈயமும் கார்பன் மோனாக்சைடும் எனக் கொள்வோம்.

எஸ்என்ஓ₂ + சி → எஸ்என் + சிஓ

எண்ணிப் பாருங்கள். இடப்புறம் பிராணவாயு இரண்டு, வலப்புறம் ஒன்று. கணக்கு நேராகவில்லை. இவ்விடத்தில்தான் தொடக்க மாணவன் தவறுகிறான். சிஓ என்பதன் காலடியில் ஒரு சிறிய 2-ஐப் போட்டு, "சரியாயிற்று ஐயா!" என்கிறான். எண்ணிக்கை சரியாயிற்று, பொருள் மாறிவிட்டது. சிஓ என்பது ஆளைக் கொல்லும் நச்சுவாயு. சிஓ₂ என்பது நாம் வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமிலவாயு. காலடி எண் பொருளின் அமைப்பைச் சொல்வது. அதில் கை வைத்தல் கூடாது. முன்னால் எழுதும் எண்ணை மட்டுமே மாற்றலாம். அது எத்தனை மூலக்கூறு என்பதைச் சொல்வது. சிஓ-வுக்கு முன் 2 இட்டால் பிராணவாயு நேராகும். வலப்புறம் கரி இரண்டாகும். ஆகவே இடப்புறக் கரிக்கும் 2 வேண்டும்.

எஸ்என்ஓ₂ + 2சி → எஸ்என் + 2சிஓ

எடையிலும் சோதிக்கலாம். அணு எடைகளை முழு எண்ணாகக் கொண்டால் ஈயம் 119, கரி 12, பிராணவாயு 16. இடப்புறம் 151 + 24. வலப்புறம் 119 + 56. இரு புறமும் 175.

கூர்மையான மாணவன் விடமாட்டான். "எஸ்என்ஓ₂ + சி → எஸ்என் + சிஓ₂ என்றாலும் கணக்கு நேராகிறதே, அது ஏன் பிழை?" என்பான். கேட்க வேண்டிய கேள்விதான்; அதட்டி அமர்த்திவிடக் கூடாது. கணக்கில் பிழையில்லை. ஆனால் உலையில் எது நிகழ்கிறது என்பதைக் கணக்கு சொல்லாது. ஆய்ந்து அறிந்தவரே சொல்ல வேண்டும். ஈய உலையின் வெப்பம் 1200 பாகை செல்சியசுக்கு மேற்பட்டது. அவ்வளவு சூட்டில், கரி மிகுந்த இடத்தில், கரியமிலவாயு நிலைப்பதில்லை. மேலும் ஒரு கரி அணுவோடு கூடி இரண்டு கார்பன் மோனாக்சைடாகிறது. மாணவனுடைய சமன்பாட்டோடு இதனையும் கூட்டினால் மேலே கண்ட சமன்பாடே வரும். கரி குறைந்தால் இரு வாயுக்களும் கலந்தே வெளிவரும்.

சற்றுக் கடினமான ஒன்று: அலுமினியப் பாத்திரத்தின் மேல் படியும் மெல்லிய ஆக்சைடு. அலுமினியம் ஏஎல்; ஆக்சைடு ஏஎல்₂ஓ₃. காற்றிலுள்ள பிராணவாயு இரண்டிரண்டு அணுக்களாக ஓ₂ என வருகிறது, ஆக்சைடிலோ மூன்று. இரண்டுக்கும் மூன்றுக்கும் மீச்சிறு பொதுமடங்கு 6. ஆகவே ஓ₂ மூன்று, ஆக்சைடு இரண்டு. ஆக்சைடு இரண்டில் அலுமினியம் நான்கு.

4ஏஎல் + 3ஓ₂ → 2ஏஎல்₂ஓ₃

கரும்பலகையைவிட மேசையே இதற்கு ஏற்றது. ரப்பர் விதை நான்கை அலுமினியமாகவும், புளியங்கொட்டை ஆறைப் பிராணவாயுவாகவும் வைத்து, கொட்டைகளை இரண்டிரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டு விதையும் மூன்று கொட்டையுமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு குவியல்கள் அமையும். ஒரு விதையும் மிஞ்சாது. ஒரு கொட்டையும் குறையாது.