உங்கள் கம்ப்யூட்டரும் நீராவியில்தான் ஓடுகிறது!

களமருதூரில் ஒருவர் புதிதாக கம்ப்யூட்டர் வாங்கி பவர் பட்டனை அழுத்துகிறார். உள்ளே ஃபேன் சுழல்கிறது. அதைச் சுழற்றும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? காற்றாலை, சூரிய ஒளி, அணைக்கட்டு ஆகியவற்றை விட்டுவிட்டால், நெய்வேலி பழுப்பு நிலக்கரி ஆனாலும் கூடங்குளம் அணு உலை ஆனாலும் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வேலையைத்தான் செய்கின்றன.

1712இல் நியூகோமன் செய்த எஞ்சின் சுரங்கத் தண்ணீரை இறைத்தது. ஒவ்வொரு முறையும் சிலிண்டரைக் குளிர வைத்து மீண்டும் சூடாக்கியதால் நிலக்கரி வீணானது. நீராவியைத் தனிப் பாத்திரத்தில் குளிர வைத்தால் போதும் என்று கண்டுபிடித்த ஜேம்ஸ் வாட், 1769இல் காப்புரிமை பெற்றார்.

இதில் நம் கம்ப்யூட்டருக்கும் பங்கு உண்டு. கணித அட்டவணைகளில் இருந்த பிழைகளைக் கண்டு சலித்த சார்லஸ் பாபேஜ், இந்தக் கணக்குகளை நீராவியே போடக்கூடாதா என்று 1821இல் நினைத்தார். பின்னர் அவர் திட்டமிட்ட அனலிட்டிகல் எஞ்சினில் எண்களை வைக்கும் பகுதிக்கு 'ஸ்டோர்', கணக்கிடும் பகுதிக்கு 'மில்' என்று பெயர். இன்றைய ராமும் புரோசசரும் போலத்தான்! அவர் காலத்தில் அது முழுமையாகச் செய்யப்படவில்லை.

நிஜ 'மில்'லைப் பார்க்க லண்டன் போக வேண்டாம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உள்ளன. சர்க்கரை ஆலைகளில் பிழிந்த கரும்பின் சக்கையே கொதிகலனுக்கு எரிபொருள். உயர் அழுத்த நீராவி டர்பைனைச் சுழற்றும். வெளிவரும் நீராவியை வீணாக்காமல் கரும்புச் சாற்றைக் காய்ச்சப் பயன்படுத்துவார்கள். ஒரே நீராவி, இரண்டு வேலை. கெட்டிக்காரத்தனம்தான்!

டர்பைனை 1884இல் உருவாக்கியவர் சார்லஸ் பார்சன்ஸ். அனல் மின் நிலையங்களில் பெரிய டர்பைன்கள் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும். அதாவது வினாடிக்கு 50. உங்கள் யுபிஎஸ்ஸின் பின்புறம் '50 ஹெர்ட்ஸ்' என்று எழுதியிருப்பதைப் பாருங்கள், கணக்கு புரிந்துவிடும்.

நிலக்கரியின் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி, குளிர்விப்பு கோபுரத்திலும் புகைபோக்கியிலும் போய்விடும். எனவே நீங்கள் மிச்சப்படுத்தும் ஒரு யூனிட், அங்கே மூன்று யூனிட் வெப்பத்துக்குச் சமம். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று சென்று, பத்து நிமிடம் தொடாவிட்டால் ஸ்லீப் ஆகும்படி மாற்றி வையுங்கள்.