குளிர் ஈரத்தில் டிரசீனா

டிரசீனா வெப்பமண்டலச் செடி, ஈரக்காற்று அதற்கு நல்லது என்பார்கள். சென்னையில் வளர்ப்பவருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். குன்னூரிலும் ஊட்டியிலும் ஈரம் வேண்டிய மட்டும் இருக்கிறது, வெதுவெதுப்புதான் இல்லை. ஒரு டிசம்பரில் மேட்டுப்பாளையத்தில் வாங்கிய செடியைக் குன்னூருக்குக் கொண்டுவந்து, அங்கே ஊற்றியது போலவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் ஊற்றினேன். பிப்ரவரியில் தண்டை அழுத்தினால் விரல் உள்ளே போனது. அதன் பிறகு கற்றுக்கொண்ட முறை இது.

மலைக்கு மேலே செடி வாங்க மார்ச் முதல் மே வரைதான் சரியான காலம். குளிர் வருவதற்குள் வேர் பிடித்துவிடும். தண்டின் அடிப்பகுதியை அழுத்திப் பாருங்கள், கல் போல இருக்க வேண்டும். கார்டிலைன் செடியையும் டிரசீனா என்று சொல்லி விற்பதுண்டு. சந்தேகமாக இருந்தால் வேரைப் பாருங்கள்: டிரசீனாவின் வேர் மஞ்சளோ ஆரஞ்சோ கலந்திருக்கும், கார்டிலைனுக்கு வெள்ளை. மக்காச்சோள இலை போல நடுவில் மஞ்சள் பட்டை ஓடும் வகையும், விளிம்பு சிவந்த ஒல்லி இலை வகையும் வீட்டுக்குள் நன்றாக வரும். பாம்புச் செடியையும் இப்போது டிரசீனா இனத்திலேயே சேர்த்துவிட்டார்கள். வில்லுக்கு நாண் திரிக்க நார் தந்த நம் ஊர் மருள் அதன் உறவுதான்.

அடுத்தது மண். அவசரப்படக் கூடாத இடம் இது. எஸ்டேட் பக்கத்துச் செம்மண்ணைத் தனியாகத் தொட்டியில் நிரப்பினால் மழைக்காலத்தில் களியாகிவிடும். செம்மண் ஒரு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, நார்க்கழிவோ மக்கிய இலையோ ஒரு பங்கு என்று கலந்து, கைப்பிடி அடுப்புக்கரித் துண்டுகளும் போடுங்கள். நீலகிரி மண் புளிப்புத்தன்மை கொண்டது, தேயிலை செழிப்பதே அதனால்தான். ஆனால் புளிப்பு மண்ணில் ஃபுளோரைடு எளிதாகக் கரைந்து வேருக்குப் போகும். டிரசீனாவுக்கு ஆகாதது ஃபுளோரைடு. இலை நுனி பழுப்பாகக் கருகுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதனால் தேயிலைத் தோட்டங்களுக்குப் போடும் டோலமைட்டில் ஒரு டீஸ்பூன் எடுத்து எட்டு அங்குலத் தொட்டி மண்ணில் கலந்துவிடுங்கள். சூப்பர் பாஸ்பேட்டிலும் ஃபுளோரைடு உண்டு, அது வேண்டாம்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டீ வடிகட்டிய சக்கையை மலையில் எல்லா வீட்டிலும் தொட்டிச் செடிக்குத்தான் கொட்டுகிறோம். ரோஜாவுக்குக் கொட்டுங்கள், டிரசீனாவுக்கு வேண்டாம். தேயிலைச் செடி மண்ணிலிருக்கும் ஃபுளோரைடை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும் செடி. போதாததற்கு, ஈரச் சக்கை குளிரில் காயாமல் பூசணம் பிடித்து, கொசு போன்ற சிறு பூச்சிகளையும் அழைத்து வரும்.

அடியில் ஓட்டையுள்ள மண் தொட்டியே நல்லது, அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். பழைய தொட்டியைவிட ஓர் அங்குலம் அகலமானது போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் வாரக்கணக்கில் நனைந்தே கிடக்கும். கிழக்கு ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். கண்ணாடியை ஒட்டி வைத்தால் இரவுக் குளிர் நேராக இலையில் இறங்கும். கணப்புக்குப் பக்கத்தில் வைத்தால் இலை ஓரம் காய்ந்துவிடும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வைக்காதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் அன்று வேண்டாம். ஏப்ரலில் வாரம் ஒரு முறை கேட்கும் செடிக்கு ஜனவரியில் மூன்று வாரம்கூடத் தேவைப்படாது. முந்தின இரவே தண்ணீரைச் சமையலறையில் பிடித்து வைத்து ஊற்றுங்கள். விடிகாலைக் குழாய்த் தண்ணீரின் சில்லிப்பு வேரைத் தாக்கும். தட்டில் வடிந்ததை உடனே கொட்டிவிட வேண்டும்.

மழைக்காலம் மாவட்டம் முழுக்க ஒன்றல்ல. கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர்தான் பெருமழை. உங்கள் ஊரில் எப்போதோ, அப்போது உரத்தை நிறுத்துங்கள். இலையில் நீர் தெளிக்கவே வேண்டாம், தெளித்தால் புள்ளி விழும். வாரம் ஒரு முறை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

பிறகு நீர்ப்பனி தொடங்கும், அதன் பின்னால் உறைபனி. 1848இல் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்காவிலேயே பனிக்காலத்தில் செடிகளைக் கோத்தகிரி மிலார் தழையால் மூடிக் காக்கிறார்கள். டிரசீனாவுக்கு உறைபனி வரை போக வேண்டியதில்லை, 10 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே இலை நீர் கோத்து வாடத் தொடங்கும். வராந்தாவில் இருப்பதை நவம்பரிலேயே உள்ளே எடுங்கள். இரவில் திரைச்சீலைக்கு உள்பக்கம் இருக்கட்டும், தொட்டியை வெறும் சிமென்ட் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

இவ்வளவு பார்த்தும் அடித்தண்டு அழுகினால் செடியைத் தூக்கி எறியாதீர்கள். கத்தியைச் சுடுநீரில் கழுவி, உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருக்கும் இடம் வரை வெட்டுங்கள். வெட்டுவாய் இரண்டு நாள் காயட்டும். பிறகு மணலும் நார்க்கழிவும் சரிபாதி கலந்த சிறு தொட்டியில் நட்டு, வீட்டிலேயே வெதுவெதுப்பான மூலையில் வையுங்கள். வேர் பிடிக்க இந்த மலையில் இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகும். அதுவரை இழுத்துப் பார்க்காதீர்கள்.