முகம் காணாத சினேகம் – 7: 'நீர்' என்று எழுதிய இரவு

ஆறு மாத காலம் என்னை 'நீங்கள்' என்றே அழைத்துவந்த யாழ்ப்பாணத்து நண்பர், ஒரு நாள் இரவு, யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் ஒலிப்பதிவொன்றை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டு, சற்று நேரம் கழித்து, "நீர் கேட்டனீரோ?" என்று ஒரு வரி எழுதினார். பழைய இசைத்தட்டுகளின்மேல் இருவருக்கும் உள்ள பித்துத்தான் எங்களைச் சேர்த்துவைத்தது என்பதை முன்னரே எழுதியிருக்கிறேன். நாங்கள் சம வயதினர், ஒருவரை ஒருவர் நேரில் கண்டதில்லை.

அந்த ஒற்றைச் சொல் முள்ளாய்த் தைத்தது. நான் வளர்ந்த தஞ்சைப் பக்கத்தில், 'நீர்' என்னும் விளியைப் புராண நாடக மேடையில் கேட்டிருக்கிறேன். பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு முற்றி, 'நீங்கள்' என்ற மரியாதையைக் கொடுக்க மனமின்றியும், 'நீ' என்று இறங்கிவிடத் துணிவின்றியும் நிற்கும் தருணத்தில் கேட்டிருக்கிறேன். பிரியத்தோடு ஒருவர் சொல்ல ஒருநாளும் கேட்டதில்லை. ஆகவே, நான் அறியாமல் செய்த ஏதோ ஒரு பிழைக்காக அவர் என்னை ஒரு படி இறக்கிவிட்டார் என்று நிச்சயித்துக்கொண்டு, மூன்று நாட்கள் "சரி", "கேட்டேன்", "நன்று" என்று வார்த்தைகளை எண்ணி எண்ணிப் பதில் அனுப்பினேன்.

நான்காம் நாள் அவரே கேட்டார்: "என்ன, கோவமோ? நான் ஏதும் பிழையாக் கதைச்சிட்டனோ?"

மனத்தாங்கலை மறைக்காமல் சொன்னேன். எழுத்தை விடுத்து, குரலிலேயே பதில் வந்தது. அவர் ஊரில் பள்ளிக்கூட அதிபருக்கும் முன்பின் அறியாதவருக்கும் உரியது 'நீங்கள்'. சினேகிதர்கள் தமக்குள்ளும், கணவன் மனைவியிடத்தும் வழங்குவது 'நீர்'. என்னை அப்படி அழைக்க நெடுநாளாக ஆசை இருந்தும், கூச்சத்தால் அடக்கி வைத்திருந்தாராம். "வாசலோட நிக்கிற ஆளுக்கு 'நீங்கள்', உள்ளுக்கு வந்த ஆளுக்கு 'நீர்'" என்றார். அந்தக் குரலை அன்றிரவு எத்தனை முறை கேட்டேன் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது.

இதற்கு நேர் விரோதமான பிழையையும் அதே மனிதரிடத்தில் செய்திருக்கிறேன். அது ஓர் இதயச் சித்திரத்தால் வந்தது. குரல் இல்லாத குறுஞ்செய்தி தப்பர்த்தம் தரும் என்பதையும் எண்ணி, 1999-இல் ஜப்பானின் என்.டி.டி. டொகோமோ கைபேசிச் சேவைக்காக ஷிகேடக்கா குரிட்டா என்பவர், 12-க்கு 12 புள்ளிக் கட்டத்துக்குள் அடங்கும் 176 சிறு சித்திரங்களை அமைத்தார். அவற்றுள் இதயமும் ஒன்று. அந்த இதயத்தின் வழித்தோன்றலான ஒரு சிவப்பு இதயத்தை, பரிச்சயமான முதல் மாதத்திலேயே என் செய்தி ஒன்றின்மேல் நண்பர் பதித்தபோது, எனக்கென்றே பிரத்தியேகமாக வந்த அன்பு என்று பூரித்தேன். பின்னர் ஒரு பொதுக் குழுவில், பேருந்து நேரம் மாறியதை அறிவித்தவருக்கும் அதே சிவப்பு இதயத்தை அவர் பதித்திருக்கக் கண்டேன். அவருக்கு அது 'பார்த்துவிட்டேன்' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

யாருக்கும் வாரி வழங்கிய இதயத்தை நான் நெஞ்சில் தாங்கினேன். எனக்கென்று நெடுநாள் சேமித்து வைத்துக் கொடுத்த 'நீரை' அவமதிப்பென்று தள்ளினேன். இரண்டிலும் நான் படித்தது அவர் எழுத்தையல்ல, என் ஏக்கத்தையும் என் அச்சத்தையுமே என்பது இப்போது விளங்குகிறது. எதிரே முகம் இருந்திருந்தால் கண் காட்டிக்கொடுத்திருக்கும். அது இல்லாத இடத்தில், ஒரு மனிதர் பிறரிடம் எப்படிப் பேசுகிறார், தம் வழக்கத்தை யாருக்காக, எந்த நாளில் மாற்றுகிறார் என்பதைப் பொறுமையாகக் கவனிப்பதைவிட வேறு மார்க்கம் எனக்குத் தெரியவில்லை. அதற்கு மாதங்கள் ஆகும். புரியாதபோது கேட்டுவிடுவது இன்னும் உத்தமம். அந்தத் துணிவு அவருக்கு இருந்தது, எனக்கு இல்லை.

சென்ற வாரம் என் கை கூசக் கூச, "நீர் சாப்பிட்டீரா?" என்று எழுதினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்து, வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது:

"இப்பதான் ராசா, உள்ளுக்கு வந்தனீர்."

(தொடரும்)