கேமராவின் கணக்கும் பாலூட்டும் தாயின் எதிருரையும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பேரங்காடி வளாகங்கள், மருத்துவமனைகள், நெடுஞ்சாலை ஓய்விடங்கள் எனப் பல இடங்களின் வாகன நிறுத்துமிடங்களைத் தனியார் நிறுவனங்கள் நிர்வகிக்கின்றன. அனுமதித்த நேரத்தைத் தாண்டி நின்ற வாகனத்துக்கு அவை அனுப்பும் கட்டண அறிவிப்பு, பணம் கட்டப்படாத நிலையில், கவுன்ட்டி நீதிமன்றத்தில் பண வழக்காக வந்து நிற்கிறது. நேரம் கடந்தது கைக்குழந்தைக்குப் பாலூட்டியதால்தான் என்று ஒரு தாய் அவ்வழக்கில் பதில் சொல்லும்போது, ஒப்பந்தச் சட்டமும் சமத்துவச் சட்டமும் ஒரே கோப்புக்குள் வந்து சேர்கின்றன. பரிவை வேண்டும் முறையீடாக மட்டும் நின்றால் அப்பதிலுக்கு நீதிமன்றத்தில் எடை குறைவு; எந்தச் சட்டப் பிரிவின்கீழ், எந்தச் சான்றோடு, எந்தக் கெடுவுக்குள் என்று ஒழுங்குபடுத்தப்பட்ட பிறகே அது எதிருரை என்னும் தகுதியைப் பெறுகிறது.

அபராதம் போலத் தோன்றும் ஒப்பந்தம்

உள்ளாட்சி மன்றங்கள் சாலையோர விதிமீறலுக்கு அனுப்புவது 'பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்'. தனியார் நிறுவனங்கள் அனுப்புவது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்'. இரண்டின் சுருக்கமும் பி.சி.என். என்றே அமைவதாலும், இரண்டும் ஏறத்தாழ ஒரே சாயலில் அச்சிடப்படுவதாலும், தனியார் அறிவிப்பையும் அரசு விதித்த அபராதமாகவே பலர் எடுத்துக்கொள்கின்றனர். சட்டத்தின் பார்வையில் பின்னது வெறும் ஒப்பந்தக் கோரிக்கையே ஆகும்: நிறுத்துமிடத்தில் உள்ள அறிவிப்புப் பலகையின் நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டுதான் ஓட்டுநர் வாகனத்தை நிறுத்தினார், அவற்றை மீறியதால் பலகையில் குறித்த தொகையைத் தரக் கடமைப்பட்டவர் ஆனார் என்பதே நிறுவனத்தின் வாதம்.

இத்தொழிலின் இன்றைய வடிவத்துக்கு அடித்தளம் 2012ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம். தனியார் நிலத்தில் நிற்கும் வாகனத்தின் சக்கரத்துக்குப் பூட்டுப் போடும் வழக்கத்தை அச்சட்டம் 2012 அக்டோபர் 1 முதல் தடைசெய்தது. அதற்கு ஈடாக, ஓட்டியவர் யார் என்று தெரியாதபோது வாகனத்தைத் தன் பெயரில் பதிந்து வைத்திருப்பவரிடமே, அதாவது 'கீப்பர்' எனப்படுபவரிடமே, கட்டணத்தைக் கேட்கும் உரிமையை அதன் 4ஆம் அட்டவணை வழங்கியது. நிறுவனங்கள் ஒரு வினவலுக்கு 2.50 பவுண்ட் செலுத்தி, டி.வி.எல்.ஏ. எனப்படும் ஓட்டுநர் மற்றும் வாகன உரிம முகமையிடமிருந்து கீப்பரின் பெயரையும் முகவரியையும் பெறுகின்றன. கேமராப் பதிவை மட்டும் நம்பி அனுப்பப்படும் அறிவிப்பு, வாகனம் நின்ற நாளுக்கு மறுநாளிலிருந்து 14 நாள்களுக்குள் கீப்பரின் கையில் சேர வேண்டும். அந்தக் கெடு தவறினால் கீப்பர் என்ற முறையில் அவர்மீது பொறுப்பைச் சுமத்த இயலாது.

இத்துறையின் தலையாய தீர்ப்பு, பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015 நவம்பர் 4 அன்று வழங்கியது. செம்ஸ்ஃபோர்டு நகரின் ரிவர்சைடு வணிக வளாகத்தில் 2 மணி நேர இலவச அனுமதியை 56 நிமிடம் தாண்டியதற்காகக் கோரப்பட்ட 85 பவுண்ட் செல்லும் என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. ஒப்பந்த மீறலுக்கு, மீறலோடு பொருந்தாத அளவு பெருந்தொகை கேட்பது 'தண்டத்தொகை' எனப்படும். அதை நீதிமன்றங்கள் வசூலித்துத் தருவதில்லை. ஆனால் கடைகளுக்கு வருவோர் அனைவருக்கும் இடம் கிடைக்கும்படி வாகனங்களைச் சுழற்சியில் வைப்பது நிறுவனத்தின் நியாயமான நலன் என்றும், பலகைகள் பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தன என்றும் கண்டதால், அத்தொகையைத் தண்டத்தொகையாகக் கருத நீதிமன்றம் மறுத்தது. எனவே தொகை அதிகம் என்ற ஒற்றை வாதம் இன்று எந்தப் பிரதிவாதிக்கும் போதாது. அதே வேளையில் அத்தீர்ப்பு சமத்துவச் சட்டத்தைத் தொட்டுப் பேசியதன்று என்பதும் கருதத்தக்கது.

கேமரா அறிந்த இரண்டு எண்கள்

பெரும்பாலான வளாகங்களில் நேரத்தைக் கணக்கிடுவது, வாகன எண்ணைத் தானே படிக்கும் கேமராதான். 2 மணி நேர அனுமதி உள்ள ஒரு வளாகத்தில் 11.04 மணிக்கு நுழையும் தாய் ஒருவர் 12.50 மணிக்குக் கடைவேலையை முடித்துக் காருக்குத் திரும்புவதாகக் கொள்ளலாம். பைகளை ஏற்றி, குழந்தையை இருக்கையில் அமர்த்தி வார்ப்பட்டையைப் பூட்டும்போது அது பசியில் வீறிடுகிறது. வார்ப்பட்டையை அவிழ்த்து, பின்னிருக்கையில் அமர்ந்து, இரு பக்கமும் பாலூட்டி, தோளில் சாய்த்து முதுகைத் தட்டி ஏப்பம் வரச்செய்து, அணையாடையை மாற்றி, மீண்டும் பட்டையைப் பூட்டி அவர் புறப்படும்போது மணி 13.38. கேமராவிடம் இருப்பவை 11.04, 13.38 என்ற இரண்டு எண்கள் மட்டுமே. அவற்றின் கழித்தல் 34 நிமிட மீறலைக் காட்டுகிறது.

ஓடும் காரில் குழந்தையைக் கைகளில் வைத்துப் பாலூட்டிக்கொண்டு செல்வதற்குப் பிரிட்டன் சட்டத்தில் இடமில்லை. கைக்குழந்தை உரிய இருக்கையில் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை 24 மணி நேரத்தில் 8 முறைக்கும் மேல் பால் கேட்பது இயல்பு. ஆகவே அத்தாய் வாகனத்தை நகர்த்தாததற்குக் காரணம், குழந்தையைப் பசியோடு அழவிட்டுச் செல்வதைத் தவிர வேறு வழி அவருக்கு இல்லாததே. எதிருரையின் உண்மைப் பகுதி இந்தக் காரண காரியத் தொடரை நிமிடக் கணக்கோடு நிறுவுவதாக அமைய வேண்டும்.

பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷன், இன்டர்நேஷனல் பார்க்கிங் கம்யூனிட்டி ஆகிய இரு தொழில்துறைச் சங்கங்களும் சேர்ந்து வகுத்து 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நடத்தை விதிகள், அனுமதித்த நேரம் முடிந்தபின் 10 நிமிட சலுகையைத் தரச் சொல்கின்றன. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் அச்சலுகை போனாலும் 24 நிமிடம் எஞ்சுகிறது. வண்டியைச் சிறிது நேரம் 'நிறுத்திச் செல்வது' வேறு, 'நிறுத்தி வைப்பது' வேறு என்று 2016இல் ஆக்ஸ்போர்டு கவுன்ட்டி நீதிமன்றம் ஒரு மேல்முறையீட்டில் பிரித்துக் காட்டியது உண்மையே. ஆனால் அது குடியிருப்பு வளாகம் ஒன்றில், வாசலருகே மரச்சாமான் இறக்கச் சில நிமிடம் வண்டியை நிறுத்தியவரின் வழக்கு. வணிக வளாகத்தில் முறையாக நிறுத்தி இரண்டரை மணி நேரம் கழித்துப் புறப்பட்டவருக்கு அது தொலைவிலிருந்து கிடைக்கும் துணையே அன்றி முழு அரண் ஆகாது.

நேரடிப் பாகுபாடு, மறைமுகப் பாகுபாடு

2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், பொதுமக்களுக்குச் சேவை வழங்குவோர் பாகுபாடு காட்டக் கூடாது என்று 29ஆம் பிரிவில் விதிக்கிறது. கட்டணம் வாங்காத சேவைக்கும் இது பொருந்தும் என்பதால் இலவச நிறுத்துமிடமும் இதனுள் அடங்கும். முகவரின் செயலுக்கு முதல்வரும் பொறுப்பு என்று 109ஆம் பிரிவு கூறுவதால், நிறுத்துமிட நிறுவனத்தை அமர்த்திய நில உரிமையாளரும் முற்றிலும் விலகி நிற்க முடியாது.

17ஆம் பிரிவின்படி, குழந்தை பிறந்த நாள் முதல் 26 வாரங்களுக்குள், பிரசவித்தவர் என்பதற்காக ஒரு பெண்ணைப் பாதகமாக நடத்துவது பாகுபாடு. பாலூட்டுவதற்காகப் பாதகமாக நடத்துவதும் அதில் அடங்கும் என்று அப்பிரிவே தெளிவுபடுத்துகிறது. 26 வாரம் கடந்த பிறகும் பாதுகாப்பு அற்றுப்போவதில்லை. பாலூட்டுவதற்காக ஒரு பெண்ணைக் குறைவாக நடத்துவது பாலினப் பாகுபாடு என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. ஆயினும் இவ்விரு பிரிவுகளும் 'அதன் காரணமாக' என்ற சொல்லைச் சுற்றியே இயங்குகின்றன. பாலூட்டும் தாயைக் கண்டு காவலாளி வெளியேறச் சொன்னால் அது நேரடிப் பாகுபாடு ஆகும். எவர் என்று அறியாமல் எல்லா வாகனங்களுக்கும் ஒரே கணக்கைப் போடும் கேமராவின் செயலை அவ்வாறு காட்டுவது கடினம். இணையத்தில் கிடைக்கும் மாதிரி எதிருரைகளை அப்படியே படியெடுப்போர் பலர் சறுக்குவது இவ்விடத்திலேயே. இன்னொரு பிழையும் பரவலாக உண்டு: 'நியாயமான மாற்றேற்பாடு' செய்து தரும் கடமையைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு மாற்றுத்திறனாளிகளின் பொருட்டே விதிக்கிறது, பாலூட்டலை மட்டும் காட்டி அதைக் கோர இயலாது.

வலுவான வழி 19ஆம் பிரிவில் உள்ள மறைமுகப் பாகுபாடு. எல்லோருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும் விதி ஒன்று, நடைமுறையில் ஒரு பாலினத்தவரைக் குறிப்பாகப் பின்னடையச் செய்து, அவர்களுள் ஒருவரான வழக்காடுபவரையும் பாதித்தால், அவ்விதி நியாயமான நோக்கத்தை அடைவதற்கான பொருத்தமான, அளவான வழி என்று நிறுவும் பொறுப்பு விதியை வகுத்தவரைச் சேர்கிறது. 2016இல் பிரிஸ்டல் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம், பாலூட்டும் விமானப் பணியாளர் இருவர் 8 மணி நேரத்துக்கு மிகாத பணிமுறையைக் கேட்டும் ஈசிஜெட் நிறுவனம் மறுத்ததை மறைமுகப் பாலினப் பாகுபாடாகவே கொண்டது. வேலைத்தல வழக்கின் அந்த முடிவு கவுன்ட்டி நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. எனினும் நேர வரையறை ஒன்று பாலூட்டும் பெண்களை எப்படித் தனித்துத் தாக்கும் என்பதை அது காட்டுகிறது.

நிறுவனத்தின் மறுமொழி பீவிஸ் தீர்ப்பிலிருந்தே வரும்: இடங்களைச் சுழற்சியில் வைப்பது நியாயமான நோக்கம். அந்நோக்கத்தை மறுப்பதால் தாய்க்குப் பயனில்லை. அதை அடைய, அறிவிப்பில் குறித்த கட்டணத்தை விடாப்பிடியாகக் கேட்பது தேவைதானா என்பதே அவர் எழுப்ப வேண்டிய கேள்வி. கடையின் சேவை மேசையில் வாகன எண்ணைப் பதிந்து கூடுதல் நேரம் பெறும் வசதி இருந்ததா, பலகையில் அதைப் பற்றிய குறிப்பு இருந்ததா, காரணத்தை அறிந்தபின் கட்டணத்தை நீக்கும் அதிகாரம் நிறுவனத்திடம் இருந்தும் அது பயன்படுத்தப்பட்டதா என்பவை அக்கேள்வியின் கிளைகள்.

பாகுபாடு நிறுவப்பட்டால் விளைவை 142ஆம் பிரிவு சொல்கிறது: சட்டம் தடுத்த நடத்தைக்கு வழிசெய்யும் ஒப்பந்த நிபந்தனையை, அந்த அளவுக்கு, ஒருவர்மீது அமல்படுத்த முடியாது. பாகுபாட்டுக்கு ஆளானவர் அவரே ஆயினும் வேறொருவர் ஆயினும் இது பொருந்தும் என்று அப்பிரிவு கூறுவதால், காரை ஓட்டியவர் கணவராகவும் பாலூட்டியவர் மனைவியாகவும் இருந்த வழக்கிலும் இவ்வாதம் நிற்கும்.

சான்றும் கெடுவும்

குழந்தையின் பிறந்த தேதி 26 வாரக் கணக்கைத் தீர்மானிப்பதால் பிறப்புச் சான்றிதழ் முதல் ஆவணம் ஆகிறது. குழந்தையின் உடல்நலப் பதிவேடு, அட்டையின் நிறத்தால் 'சிவப்புப் புத்தகம்' என்று அங்குள்ள பெற்றோர் அழைப்பது, 6 முதல் 8 வார வயதில் குழந்தை தாய்ப்பால் குடித்ததா என்பதைக் குறித்து வைத்திருக்கும். நேரம் அச்சான கடை ரசீது, தாய் காருக்குத் திரும்பிய மணியை ஏறத்தாழ உறுதிசெய்யும். பலகைகளின் எழுத்தளவையும் இடத்தையும் காட்டும் படங்கள் ஒப்பந்த வாதத்துக்கு உதவும். ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு: காரில் பாலூட்டியதைத் தன்மை ஒருமையில் விவரிக்கும் தாய், ஓட்டியவரும் தானே என்று பெரும்பாலும் ஒப்புக்கொண்டுவிடுகிறார், அதன்பின் 14 நாள் கெடு போன்ற கீப்பர் தற்காப்புகள் அவருக்கு உதவா. எந்த வாதம் வலியது என்பதை முதல் கடிதத்துக்கு முன்பே தேர்ந்துகொள்ள வேண்டும்.

நிறுவனத்தின் மறுப்புக்குப் பின், அது சார்ந்த சங்கத்தைப் பொறுத்து பாப்லா அல்லது ஐ.ஏ.எஸ். என்ற அமைப்பிடம் முறையிடலாம். அதுவும் பயன்படாவிட்டால் வழக்குக்கு முந்தைய கடிதம் வரும். பதிலளிக்க 30 நாள் உண்டு. வழக்குப் படிவம் வெளியிடப்பட்ட தேதியிலிருந்து 5ஆம் நாள் அது சார்வு செய்யப்பட்டதாகக் கருதப்படும். அதிலிருந்து 14 நாளுக்குள் எதிருரை தர வேண்டும். அதே கெடுவுக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் அனுப்பினால் மொத்தம் 28 நாளாக நீளும். பேசாமல் இருந்தால் ஒருதலைத் தீர்ப்பு வரும். ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் செலுத்தாவிட்டால் அது 6 ஆண்டு பதிவேட்டில் நின்று கடன் பெறும் தகுதியைக் குலைக்கும்.

100 பவுண்ட் கட்டணம் படிவத்தில் வரும்போது வசூல் செலவு 70, நீதிமன்றக் கட்டணம் 35, வழக்கறிஞர் செலவு 50 என்று சேர்ந்து, வட்டி நீங்கலாகவே 255 பவுண்டாகப் பெருத்திருக்கும். அந்த 70 பவுண்டைத் தனியே எதிர்க்கலாம்: கீப்பரிடம் கேட்கக்கூடிய கட்டணம் அறிவிப்பில் குறித்த தொகையைத் தாண்டக் கூடாது என்பது 4ஆம் அட்டவணையின் வரம்பு. 10,000 பவுண்டுக்கு மேற்படாத இவ்வகை வழக்குகள் சிறுவழக்குப் பிரிவில் விசாரிக்கப்படுவதால், தோற்றாலும் எதிர்த்தரப்பின் முழுச் செலவு தலையில் விழுவது அரிது. 2024 மே 22 முதல் தொடரப்பட்ட சிறு பண வழக்குகளில் தொலைபேசி வழி இலவச சமரசப் பேச்சு கட்டாயம் என்பதால், அங்கேயே நிறுவனம் பின்வாங்கவும் வாய்ப்புண்டு. பாகுபாட்டுக்கு இழப்பீடு கேட்டு எதிர்வழக்கும் தொடரலாம். ஆனால் அதற்கு 6 மாதக் கெடுவும் தனிக் கட்டணமும் உண்டு.

இவை அனைத்திலும் மையமான ஆவணம், தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய முதல் முறையீட்டுக் கடிதமே. வாயிலில் இருந்த கேமராவுக்குக் காரணம் தெரியாது. ஆகவே அறிவிப்பு வந்த நாளின் பழியை நிறுவனம் எந்திரத்தின்மேல் போட்டுவிடலாம். பிறந்த தேதியும் பாலூட்டிய நேரமும் குறித்த கடிதம் அலுவலகத்தை அடைந்த பிறகு அந்த விலக்கு இல்லை: அதன்பின் வரும் ஒவ்வொரு நினைவூட்டலும் காரணத்தை அறிந்த ஒருவர் எடுத்த முடிவு. கோரிக்கை அளவானதா என்று நீதிபதி எடைபோடும்போது, கேமராவின் இரண்டு நேரங்களுக்கு அருகே அந்தக் கடிதம் சேர்ந்த தேதியும் இருப்பது தாயின் தரப்புக்கு உரிய கணக்காகும்.